லாக்கப்பும் விசாரணையும்: பக்கத்தில் ஒரு வலி, திரையில் இன்னொன்று

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நாவல், அவர் 1983-ல் ஆந்திராவின் குண்டூரில் போலீஸ் காவலில் நேரடியாகப் பட்டது. அதைத் தழுவி வெற்றிமாறன் எடுத்த ‘விசாரணை’ 2016-ல் வெளியானது. முதலில் நூலைப் படித்துவிடுங்கள்.

நூலில் அநீதி மெதுவாக வேலை செய்கிறது. அடி, பசி, பாஷை தெரியாத தவிப்பு, மறுபடியும் அடி. செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால் போதும் என்ற நிலைக்கு ஓர் ஆள் எப்படி வந்து சேர்கிறான் என்பது பக்கம் பக்கமாகப் புரிகிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகாது. சட்டத்தில் இரண்டும் அன்றே இருந்தன. கைது கணக்கிலேயே வராதபோது அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கும்?

படத்தின் முற்பாதி இதற்கு நேர்மையாக இருக்கிறது. பிடிபட்ட நால்வரில் ஒருவரான பாண்டியாக தினேஷ் அடிவாங்கும் காட்சிகளில் பின்னணி இசையால் நம் கண்ணீரைக் கேட்கவில்லை. நீதிமன்றத்தில் தமிழ்நாட்டு போலீஸ் அதிகாரி முத்துவேல் மொழிபெயர்த்த பிறகுதான் உண்மை வெளிவருகிறது. படத்தின் மிக முக்கியமான இடம் அதுதான்.

பிற்பாதி நூலில் இல்லாதது. முத்துவேல் பிடித்து வரும் ஆடிட்டர் கே.கே.யின் கதை வந்ததும் வேகம் கூடுகிறது, நால்வரின் முகங்கள் பின்னுக்குப் போகின்றன. அது எனக்கு இழப்பாகவே படுகிறது. ஆனாலும் முத்துவேலாக சமுத்திரக்கனி, தன் துறைக்குள்ளேயே சிக்கித் தவிக்கும் மனிதரை அவ்வளவு உண்மையாகக் காட்டுகிறார்; தேசிய விருது தகும். வன்முறை கடுமை, குழந்தைகளோடு பார்க்க வேண்டாம்.