தமிழ் பேசுறவங்களுக்கு ஸ்பானிஷ் கஷ்டமா? நாலு வருஷ அனுபவம்

நாலு வருஷமா ஸ்பானிஷ் படிக்கிறேன், முதல் ரெண்டு வருஷம் சென்னைல வீட்ல இருந்தே, அப்புறம் வேலைக்காக மெக்ஸிகோ வந்து குவாதலஹாராவுல ரெண்டு வருஷம். நிறைய பேர் கேக்குறாங்க, ஈஸியா கஷ்டமான்னு. என் பதில், இங்கிலீஷ் வழியா படிச்சா கஷ்டம், தமிழ்ல யோசிச்சு படிச்சா பாதி பாரம் குறையும்.

முதல் வருஷம் நான் பண்ணின தப்பே அதுதான். ஒரு ஆப்ல தினமும் அரை மணி நேரம், எல்லாமே இங்கிலீஷ்ல இருந்து ஸ்பானிஷுக்கு. "மே குஸ்தா"ன்னு வந்தா ஏன் இங்க "நான்" இல்லன்னு மண்டைய உடைச்சுக்குவேன். ஒரு நாள்தான் உறைச்சது, அட இது "எனக்குப் பிடிக்கும்" தானே! "மே துவேலே லா கபேஸா" அப்படியே "எனக்குத் தலை வலிக்குது". "ஆப்லோ"ன்னா பேசுறேன், "ஆப்லாமோஸ்"னா பேசுறோம், நம்மள மாதிரியே வினையோட வால்லயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும். நீ, நீங்க வித்தியாசத்துக்கு தூ, உஸ்தேத் இருக்கு, பெரியவங்ககிட்ட எதுன்னு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

உச்சரிப்பு நமக்கு வரம்னே சொல்லுவேன். "மஞானா"ல வர்றது நம்ம ஞ. "நாதா"ல வர்ற த, நாம "அது"ன்னு சொல்லும்போது மெதுவா வருமே அதே த. பெரோன்னா ஆனால், பெர்ரோன்னா நாய், ஸ்கூல்ல டீச்சர் மரம், மறம்னு நாக்க அழுத்தி சொல்ல வச்சது இங்க உதவுச்சு. எழுதினத அப்படியே வாசிக்கலாம், சில விதி தெரிஞ்சா போதும், ஹெச் எழுத்து வாயில வராது, ஜே எழுத்து ஹ மாதிரி.

எல்லாரும் பயப்படுற ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு இறந்தகாலம், அது ரெண்டு வகை. "நேத்து ஆத்துக்குப் போனோம்"னா ஃபுயிமோஸ். "சின்ன வயசுல ஆத்துக்குப் போவோம்"னா ஈபாமோஸ். நாம பழைய பழக்கத்த சொல்லும்போது போனோம்னு சொல்லாம போவோம்னு தானே சொல்றோம், அந்தக் காது உங்களுக்கு ஏற்கனவே இருக்கு. இன்னொண்ணு செர், எஸ்தார், ரெண்டுக்குமே "இரு"ன்னு தான் அர்த்தம். "அவ டீச்சர்"னு இருக்கு இல்லாம சொன்னா பெரும்பாலும் செர், "அவ வீட்ல இருக்கா", "சூப் சூடா இருக்கு"ன்னா எஸ்தார். முழு விதி இல்ல இது, "உயரமா இருக்கா"ங்கிறதுக்கு செர் தான் வரும், ஆனா ஆரம்பத்துல நல்லா கை கொடுக்கும்.

உண்மையான கஷ்டம் எங்கன்னா பொருளுக்கு ஆண் பெண் பாக்குறது. மேசா, அதாவது நம்ம மேசை (போர்ச்சுகீஸ்ல இருந்து நமக்கு வந்த சொல், அங்கயும் மேசா தான்), அது பெண்பால். ஆனா "ஆ"ல முடியிற ப்ரோப்லேமா ஆண்பால், "ஓ"ல முடியிற மானோ, கை, பெண்பால். தமிழ்ல எல்லாமே அது இதுன்னு போயிடும், இங்க நாலு வருஷம் ஆகியும் வாய் தவறுது. சொல்ல தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, முன்னாடி எல் (ஆண்பால்), லா (பெண்பால்) சேர்த்தே பண்ணுங்க.

அடுத்து காது. வந்த புதுசுல டாக்கோ கடைல "கோன் தோதோ?"ன்னு கேட்டாங்க, வெங்காயம் கொத்தமல்லி எல்லாம் போடவான்னு அர்த்தம், ரெண்டு சொல்லும் எனக்குத் தெரிஞ்சதுதான், ஆனா அந்த வேகத்துல ஒண்ணும் புரியல, பின்னாடி வரிசை வேற நின்னுச்சு. அப்புறம் "அஓரித்தா"ன்னா இப்பவேன்னு படிச்சிருந்தேன், இங்க அது இன்னும் கொஞ்ச நேரத்துல, சில சமயம் ஒரு மணி நேரம் கழிச்சு. இதெல்லாம் ஆப் சொல்லித் தராது, ஆளுங்களோட பேசணும். வீட்லயே இருந்தப்போ கொலம்பியா டீச்சர் ஒருத்தர்கிட்ட வாரம் ரெண்டு நாள் ஆன்லைன்ல பேசினது தான் எனக்கு பெரிய திருப்பம், அத முதல் வருஷமே செஞ்சிருக்கணும்.

எவ்வளவு நாள் ஆகும்னா, அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆளுங்களுக்கு ஸ்பானிஷ் கத்துக்க சுமாரா 600 முதல் 750 மணி நேர வகுப்பு, தமிழ்னா 1100 மணி நேரம்னு கணக்கு வச்சிருக்கு. நான் பி2 (ஓரளவு சரளமா பேசுற நிலை) தேர்வு எழுத மூணு வருஷம் ஆச்சு, வேலைக்கு நடுவுல.

இப்போ நிக்கிற இடம் "நீ வந்திருந்தா சொல்லியிருப்பேன்" மாதிரி வாக்கியம். நேர்ல வந்துடுது, வீட்டு ஓனரம்மா ஃபோன் பண்ணா மட்டும் இன்னும் சுத்தி வளைச்சு ரெண்டு வாக்கியமா உடைச்சு தான் சொல்றேன்.