எலீட் டேஞ்சரஸ்: எடைக் கணக்கில் ஓடும் ஒரு பால்வெளி

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபிரான்டியர் டெவலப்மென்ட்ஸ் நிறுவனம் 2014 டிசம்பரில் கணினிக்காக வெளியிட்ட எலீட் டேஞ்சரஸ் என்ற விண்கலம் ஓட்டும் விளையாட்டை நான் பல ஆண்டுகளாக, இடையிடையே மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்தும் மீண்டும் எடுத்தும், விளையாடி வருகிறேன். டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் 1984இல் பிபிசி மைக்ரோ கணினிக்கு எழுதிய எலீட்டின் வழித்தோன்றல் இது. நம் பால்வெளியை ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன் அமைப்புகளோடு உண்மை அளவிலேயே அமைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் இதைப் பற்றிப் பேசும் எவரும் முதலில் சொல்வார்கள். நாள்பட விளையாடிய பிறகு எனக்கு அந்த எண் மறந்தேபோய், கலத்தின் எடை என்ற ஒன்று மட்டும் மனத்தில் நிற்கிறது. ஒரு விண்மீன் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஒரே வீச்சில் எவ்வளவு தூரம் தாவலாம், எவ்வளவு சரக்கு ஏற்றலாம், எதைக் கழற்றி எறியலாம் என்ற கணக்குதான் இங்கே வணிகரையும் தேடல் பயணியையும் பிரிக்கிறது.

சைட்வைண்டர் என்ற சிறு கலத்தையும் விளையாட்டுப் பணமான கிரெடிட்டில் 1,000ஐயும் கொடுத்துவிட்டு விளையாட்டு ஒதுங்கிக்கொள்கிறது. கதை என்று கையைப் பிடித்து நடத்திச் செல்ல எதுவும் இல்லை. நிலையத்தில் இறங்குவதே முதல் பாடம். 7.5 கிலோமீட்டருக்குள் வந்து அனுமதி கேட்க வேண்டும், ஒதுக்கப்பட்ட தளத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும், சுழன்றுகொண்டிருக்கும் நிலையத்தின் நீள்சதுர வாயிலுக்கு ஏற்பக் கலத்தையும் சுழற்றி, பச்சை விளக்குகள் வலப்புறம் இருக்குமாறு நுழைய வேண்டும். இதைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைக்கலாம் என்றாலும், கையால் செய்யப் பழகியவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் வேறொரு சரக்கறையைப் பொருத்திக்கொள்வார்கள். எல்லா விசைகளையும் நினைவில் வைத்துக்கொள்வதற்கே புதியவருக்குச் சில வாரங்கள் பிடிக்கும். பயிற்சிப் பகுதி அதற்குப் போதாது என்பதே என் எண்ணம்.

வணிகத்தின் அடிப்படை எளியது. வேளாண் அமைப்பில் உணவுப்பொருள் மலிவு, தொழிற்சாலைகள் நிறைந்த அமைப்பில் அதற்குத் தேவை அதிகம். அங்கிருந்து இயந்திரங்களை ஏற்றித் திரும்பினால் இருவழியிலும் லாபம் கிடைக்கும். ஆனால் தாம் சென்று வந்த நிலையங்களின் விலையை மட்டுமே விளையாட்டு காட்டுவதால், வீரர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் விலைத் தரவுகளைத் தொகுத்துத் தரும் இனாரா போன்ற வெளித் தளங்கள் இல்லாமல் முறையாக வணிகம் செய்வது கடினம். விலைப்பட்டியலில் நான் முதலில் பார்ப்பது விலையை அல்ல, தேவையின் அளவை. தேவை சிறியதாக உள்ள இடத்தில் எழுநூறு டன்னைக் கொண்டுபோய்க் கொட்டினால், காட்டிய விலை கைக்கு வராது.

அந்த எழுநூறு டன்னைச் சுமக்கும் டைப்-9 கலம் இறங்குவதற்கும் திரும்புவதற்கும் பொறுமையைச் சோதிக்கும். மேம்படுத்தாத எஞ்சினோடு முழுச் சுமையில் ஒரு தாவலுக்குப் பதினைந்து ஒளியாண்டைத் தாண்டுவதே அரிது. வழியில் கொள்ளையர்கள் இடைமறித்து நம்மை அதிவேகப் பயணத்திலிருந்து வெளியே இழுப்பார்கள். இழுபறியில் போராடித் தோற்பதைவிட, வேகத்தைச் சுழியமாக்கி இணங்கிவிட்டு, உடனே அடுத்த விண்மீனைக் குறிவைத்துத் தாவிவிடுவதே நல்லது. அருகில் நிற்கும் பெரிய கலத்தின் நிறை, அதே அமைப்புக்குள் அதிவேகப் பயணத்துக்குத் தயாராகும் நம் எஞ்சினைத் தாமதப்படுத்தும். வேறு அமைப்புக்குத் தாவுவதை அது தடுப்பதில்லை. இங்கேயும் எடைதான் சட்டம்.

தேடலுக்குப் புறப்படும்போது இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆயுதங்களைக் கழற்றி, கவசத்தைச் சிறிதாக்கி, பாகங்களில் எடை குறைந்த டி தரத்தைப் பொருத்தி, விளையாட்டில் வரும் ஃபெலிசிட்டி ஃபார்சியர் போன்ற பொறியாளர்களிடம் எஞ்சினை மேம்படுத்தினால், டயமண்ட்பேக் எக்ஸ்ப்ளோரர் போன்ற கலங்கள் அறுபது ஒளியாண்டுக்கு மேல் தாவும். கே, ஜி, பி, எஃப், ஓ, ஏ, எம் வகை விண்மீன்களின் விளிம்பை ஒட்டிப் பறந்து எரிபொருளை அள்ளிக்கொள்ளலாம். பழுப்புக் குறுவிண்மீன்களில் அது கிடைக்காது. அத்தகையவை மட்டுமே உள்ள பகுதியில் எரிபொருள் தீர்ந்து நிற்பவர்களைத் தேடி வந்து மீட்பதற்கென்றே ஃப்யூயல் ராட்ஸ் என்ற தன்னார்வக் குழு இயங்குகிறது. நியூட்ரான் விண்மீனிலிருந்து பீறிடும் பீச்சுக்குள் நுழைந்தால் அடுத்த தாவல் நான்கு மடங்காகும். பீச்சில் கலம் பம்பரமாகச் சுழற்றப்படுவதும் எஞ்சின் சிறிது சிறிதாகத் தேய்வதும் அதற்கான விலை. பால்வெளியின் நடுவிலுள்ள தனுசு ஏ கருந்துளை சூரியனிலிருந்து ஏறத்தாழ 25,900 ஒளியாண்டு தொலைவில் இருப்பதால், அங்கே போக நினைப்பவர்கள் அந்த விலையை மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள்.

ஒவ்வோர் அமைப்பிலும் நுழைந்தவுடன் ஸ்கேனரை ஒலிக்கவிட்டு, அலைவரிசையை நகர்த்தி ஒவ்வொரு கோளாகத் தேடும் முறை 2018 இறுதியில் வந்தது. கோளின் வகைக்கேற்ப ஓசையும் மாறுபடும். பழகிய காதுக்கு நீர்க்கோளும் பூமியை ஒத்த கோளும் படம் தெளிவதற்கு முன்பே தெரிந்துவிடும். எவரும் காணாத கோளாக இருந்தால் அதில் நம் பெயர் பொறிக்கப்படும், ஆனால் தரவை ஒரு நிலையத்தில் கொண்டுவந்து விற்ற பிறகுதான். தரவுக்கு எடை கிடையாது. எனினும் வீடு திரும்பும் வழியில் கலம் உடைந்தால் அத்தனையும் போகும். கலத்தை அதன் விலையில் இருபதில் ஒரு பங்கு கட்டி மீட்டுக்கொள்ளலாம், தரவை மீட்க வழியில்லை. ஈர்ப்பு மிகுந்த கோளில் மெல்லிய கவசத்தோடு இறங்கும்போது கை நடுங்குவதற்கு இந்த விதியே காரணம். சுமை இல்லாமல் பறப்பவரே பெருஞ்சுமையோடு பறக்கிறார் என்ற இந்த ஏற்பாட்டை விளையாட்டின் மிகச் சிறந்த வடிவமைப்பு முடிவாகக் கருதுகிறேன்.

குறைகளும் உண்டு. பொறியாளர்களுக்காக மூலப்பொருள் சேர்ப்பது, பின்னாளில் எளிதாக்கப்பட்டும்கூட, அலுப்பூட்டும் வேலையாகவே இருக்கிறது. காத்திருப்பையே விளையாட்டாக எண்ணாதவர்களுக்கு இது ஒத்துவராது: ஆல்ஃபா சென்டாரியில் உள்ள ஹட்டன் ஆர்பிட்டல் நிலையம் நுழையும் இடத்திலிருந்து 0.22 ஒளியாண்டு தள்ளி இருப்பதால், பழைய எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நேர்கோட்டில் பறக்க வேண்டும். அங்கே அனகொண்டா என்ற விலையுயர்ந்த கலம் இலவசம் என்று புதியவர்களை அனுப்பிவைப்பது வீரர்களின் பழைய குறும்பு. 2024இல் வந்த மிகைவேக எஞ்சின்கள் இந்த அலுப்பைப் பெருமளவு குறைத்தன. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் பதிப்புகளின் வளர்ச்சி 2022இல் நிறுத்தப்பட்டதால், புதிதாக வாங்குபவர்கள் கணினிப் பதிப்பையே வாங்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் அறிமுகமான குடியேற்ற வசதி வணிகத்தையும் தேடலையும் முதன்முறையாக ஒன்றுசேர்த்திருக்கிறது. மக்கள் வாழும் பகுதியின் விளிம்பில் ஆளில்லாத ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாரக் கெடுவுக்குள் எஃகு, டைட்டானியம், அலுமினியம் எனப் பத்தாயிரக்கணக்கான டன்களைச் சுமந்து கொட்டினால் அங்கே ஒரு நிலையம் எழுகிறது. எந்த விண்மீனைத் தேர்வது என்பதற்குத் தேடல் பயணியின் கண்ணும், கட்டி முடிப்பதற்குச் சரக்குக்காரரின் முதுகும் தேவை. சிஎம்எம் காம்போசிட் என்ற பொருள் மட்டும் பெரும்பாலும் கோள்களின் தரைத் துறைமுகங்களிலேயே கிடைக்கும். ஈர்ப்பு குறைந்த கோளில் அதை விற்கும் துறைமுகம் ஒன்றை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்ட பிறகே கட்டுமானத்துக்குப் பதிவு செய்வது நல்லது.