கொய்யா இலை: பொடியாக வாங்காதீர்கள், இலையாகவே வாங்குங்கள்

திண்டுக்கல்லில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் போன மாதம் கொய்யா இலைப் பொடியும் காய்ந்த கொய்யா இலையும் வாங்கினேன். பொடி 100 கிராம் 60 ரூபாய், இலை 100 கிராம் 40 ரூபாய். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

எனக்கு அடிக்கடி வாய்ப்புண் வரும். அதற்காகத்தான் வாங்கினேன். சின்ன வயதில் ஆயக்குடியில் அம்மாச்சி வீட்டில் இருந்தேன். பழநிப் பக்கம் கொய்யா என்றாலே ஆயக்குடிதான். வாயில் புண் என்று சொன்னால் போதும், அம்மாச்சி தோட்டத்துக்குப் போய் நுனிக்கொழுந்து இரண்டைக் கிள்ளி வந்து, ஒரு கல் உப்போடு மெல்லக் கொடுக்கும். "முழுங்கிராத, கொஞ்ச நேரம் அடக்கி வச்சுட்டுத் துப்பு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வயிற்றுப்போக்குக்கும் அதே கொழுந்துதான், கஷாயமாக. இப்போது இருப்பது இரண்டாவது மாடி வாடகை வீடு. மரத்துக்கு எங்கே போவது?

பொடியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டைப் பிரித்ததும் சாக்கு வாடைதான் வந்தது, கொய்யா வாசம் துளியும் இல்லை. நிறம் நல்ல பழுப்பு. நிழலில் உலர்த்திய கொய்யா இலையில் மங்கலாகவாவது பச்சை இருக்கும். இது வெயிலில் காய்ந்ததாகவோ, ரொம்ப நாள் கிடந்ததாகவோ இருக்க வேண்டும். வஸ்திரகாயமும், அதாவது துணியில் சலிப்பதும், செய்யவில்லை. நரம்பெல்லாம் நாராகத் தொண்டையில் நின்றது. இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன்.

இலை அப்படி இல்லை. கடைக்கார அண்ணன் சாக்கிலிருந்து ஒரு கை அள்ளி என்னிடமே கொடுத்து, "கசக்கி மோந்து பாரும்மா" என்றார். காய்ந்த இலையிலும் கொய்யாக்காய்த் தோலைக் கீறிய வாசம் அப்படியே இருந்தது. அடிப்பக்கம் நரம்புகள் விரலில் தட்டுகின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தினாற்போல் பொடிப் புள்ளிகள் தெரிகின்றன. அவைதான் எண்ணெய்ப் பைகள், வாசம் அங்கிருந்துதான் வருகிறது. தூசி மட்டும் நிறைய. இரண்டு தண்ணீரில் அலசித்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாறு இலையை இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்ட விட்டால் பால் ஊற்றாத டீ மாதிரி செம்பழுப்பாக இறங்குகிறது. வாயில் வைத்ததும் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடிக்கும். காலையும் ராத்திரியும் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். மூன்றாம் நாள் ரசம் சாதம் எரிச்சல் இல்லாமல் உள்ளே போனது. சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறக்கூடியதுதான், அதனால் இலைதான் ஆற்றியது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த எரிச்சல் சீக்கிரம் அடங்கியது உண்மை.

ஒரு விஷயம், இரும்புச் சட்டியில் காய்ச்சாதீர்கள். முதல் நாள் அப்படிச் செய்து, கஷாயம் மை மாதிரி கறுத்துவிட்டது. இலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். இதே காரணத்தால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கஷாயத்தையும் மாத்திரையையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டாம். மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது.

எனக்குக் கோபம் வந்தது பொடிப் பாக்கெட்டின் லேபிளைப் பார்த்துத்தான். 'சர்க்கரை நோயை அடியோடு குணமாக்கும்' என்று போட்டிருக்கிறார்கள். என் மாமனார் பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர். அதைப் படித்துவிட்டு, "அப்ப மாத்திரைய நிப்பாட்டிரலாமாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பக்கென்று ஆகிவிட்டது. ஜப்பானில் யாகுல்ட் நிறுவனத்தின் கொய்யா இலைத் தேநீருக்கு 2000-ல் அரசு அனுமதி கொடுத்தது. மாவுச்சத்து சர்க்கரையாக உடைவதை இலைச் சத்து கொஞ்சம் தாமதப்படுத்தும் என்பதால், சாப்பாட்டோடு குடிக்கிற பானம் அது. அங்கேயே அதை உணவு வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள், மருந்தாக இல்லை. மாமனாரிடம் இதைச் சொல்லி, "மாத்திரையில கை வைக்காதீங்க மாமா, எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்" என்றேன். நல்லவேளை, கேட்டுக்கொண்டார்.

கடைக்காரரிடமும் போய்ச் சொன்னேன். "பாக்கெட் போடுறவங்க ஒட்டி அனுப்புறதும்மா" என்றார். மறுபேச்சு இல்லாமல் மிச்சப் பொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்தக் காசுக்கு இலை நிறுத்துக் கொடுத்தார். அந்த மனசுக்காகவே கடையைப் பற்றி நல்லதாக எழுதுகிறேன்.

அப்புறம், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்றால் இந்தக் கஷாயத்தை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு சர்க்கரைக் கரைசல். காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

இலையைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். மூன்று வாரமாகியும் வாசம் போகவில்லை. தீர்ந்ததும் அதே கடையில்தான் வாங்குவேன், இலை மட்டும்.