ஒருவரே நடத்தும் தொழிலுக்கு எந்த இணையத்தளம்: வேர்ட்பிரஸா, விக்ஸா, வெறும் எச்டிஎம்எல் பக்கமா?

களுவாஞ்சிகுடியில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கிறேன். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், பாடசாலை விடுகைப் பத்திரங்கள் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பதே பெரும்பாலான வேலை. கல்முனையிலிருந்தும் செங்கலடியிலிருந்தும் பைலோடு நேரில் வருபவர்களுக்கு இணையத்தளம் தேவைப்படுவதில்லை. சுவிற்சர்லாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் தொடர்பு கொள்பவர்களோ பணம் அனுப்புவதற்கு முன்னர் இந்த ஆள் யார், எங்கே இருக்கிறார், பக்கத்துக்கு எவ்வளவு என்பதை ஓரிடத்தில் பார்க்க விரும்புகிறார்கள். அவர்களுக்காக ஒரு தளம் அமைக்க வேண்டி வந்தபோது நான்கு வழிகளை எடைபோட்டுப் பார்த்து, கடைசியில் ஒரேயொரு எச்டிஎம்எல் பக்கத்தையும் (பிரவுசர் நேரடியாகத் திறந்து காட்டும் ஒரு சாதாரணக் கோப்பு) சொந்தப் பெயரில் ஒரு டொமைனையும் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) தெரிந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று நான் சொல்லப் போவதில்லை.

முதலில் தேவையைச் சொல்லிவிட வேண்டும். என்னுடைய பக்கத்தில் இருக்க வேண்டியவை பெயர், மொழிகள், கட்டணம், வேலை முடிய எடுக்கும் காலம், தொலைபேசி இலக்கம், வீட்டுக்கு வரும் வழி ஆகியவை மட்டுமே. இவற்றுள் கட்டணத்தைத் தவிர வேறெதுவும் இலகுவில் மாறாது. குழாய் திருத்துபவர், ஏசி பழுது பார்ப்பவர், வீட்டுப் படம் கீறுபவர், தையற்காரர் என்று தனியாளாகத் தொழில் நடத்தும் பெரும்பாலானோரின் நிலையும் இதுவேதான்.

பேஸ்புக் பக்கம் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. செலவில்லை, எல்லோருக்கும் பழக்கம், வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் இன்று போட்ட கட்டண விபரம் அடுத்த வாரம் பொங்கல் வாழ்த்துக்கும் மரண அறிவித்தலுக்கும் கீழே போய்விடுகிறது. கணக்கில்லாமல் பார்க்க வருபவரை உள்நுழையச் சொல்லித் தடுக்கிறது. அத்தோடு இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் முடக்கப்பட்டதை நாம் பார்த்திருக்கிறோம். 2021 ஒக்டோபர் 4ஆம் திகதி உலகெங்கும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒன்றாகவே சில மணித்தியாலங்கள் நின்றுபோயின. கூகுள் வரைபடத்தில் தொழிலைப் பதிவு செய்வது இலவசம் என்பதோடு, உள்ளூரில் என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறார்கள் என்பது என் அனுபவம். ஆனால் அந்தப் பதிவோடு கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த சிறிய இணையத்தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன என்பதையும் மறந்துவிடக் கூடாது.

விக்ஸ் போன்ற இழுத்து வைத்துக் கட்டும் சேவைகளை நான் சோதித்துப் பார்த்தேனே தவிர, பணம் கட்டி நீண்ட காலம் பயன்படுத்தவில்லை. ஆகவே இங்கே என் சொல்லுக்குக் கொஞ்சம் குறைவான எடையே கொடுங்கள். அமைப்பதற்கு அதைவிட இலகுவானது இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இலவசத் திட்டத்தில் அவர்களுடைய விளம்பரம் நம் பக்கத்தின் தலையில் இருக்கும், சொந்த டொமைனும் வைக்க முடியாது. பணம் கட்டினால் இரண்டும் சரியாகும். ஆனாலும் அங்கே கட்டிய தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வேறோரிடத்தில் வைக்க முடியாது. விலகுவதென்றால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். வாடகை வீட்டில் சொந்தச் செலவில் மலசலகூடம் கட்டுவதைப் போன்றது அது.

உண்மையான போட்டி வேர்ட்பிரஸுக்கும் வெறும் எச்டிஎம்எல்லுக்கும் இடையில்தான். 2003இல் வெளியான வேர்ட்பிரஸ் இன்று உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் இயக்குகிறது. இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், மட்டக்களப்பு நகரிலேயே அதில் வேலை தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். அமைக்கும் நாளில் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. குறை எல்லாம் பராமரிப்பில் இருக்கிறது என்பதால், அதையே நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

வேர்ட்பிரஸ் தளம் என்பது ஒரு பக்கம் அல்ல; ஒருவர் பார்க்க வரும்போதெல்லாம் தரவுத்தளத்திலிருந்து பக்கத்தைத் தயாரித்துக் கொடுக்கும் ஒரு மென்பொருள். அந்த மென்பொருள், அதன் மேலுள்ள தோற்ற அமைப்பான தீம், கூடுதல் வசதிகளுக்காகப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளக்இன்கள், கீழே ஓடும் நிரல்மொழியான பிஎச்பி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புதுப்பிக்கப்பட வேண்டியவை. தளங்களுக்குள் ஊடுருவுபவர்கள் பெரும்பாலும் நுழைவது பழைய பிளக்இன்களின் ஓட்டை வழியாகத்தான். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளக்இன்களைத் தானாகவே புதுப்பிக்குமாறு வைக்க முடிகிறது என்பது உண்மை. ஆனால் தானாகப் புதுப்பித்த ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகாமல் பக்கம் வெறுமையாக நின்றால், அதைக் கண்டுபிடிக்க யாராவது ஒருவர் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும். தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அந்த யாராவது ஒருவர் அவரேதான்.

அடுத்தது டொலர். மாதம் 5 டொலருக்கு ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் இணைய இடம்) எடுத்த ஒருவருக்கு 2022 மார்ச் தொடக்கத்தில், டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தபோது, வருடச் செலவு 12,000 ரூபாய். அதே வருடம் மே மாதத்தில் டொலர் 360 ரூபாயை எட்டியபோது, அதே இடத்துக்கு, அதே சேவைக்கு 21,600 ரூபாய். அவர் தன்னுடைய கூலியை அதே வேகத்தில் ஏற்ற முடிந்திருக்காது. முதல் வருடத்துக்குக் கழிவு விலை கொடுத்துவிட்டு, புதுப்பிக்கும்போது முழு விலை கேட்பது ஹோஸ்டிங் வியாபாரத்தில் வழக்கம் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெயர் யாருடைய கையில் என்பது. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோக்காரருக்கு ஒரு தம்பி நல்ல முறையில் வேர்ட்பிரஸ் தளம் செய்து கொடுத்தார். டொமைனைப் பதிந்தது தம்பியின் மின்னஞ்சலில். தம்பி கட்டாருக்குப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மடல்கள் அவர் திறக்காத ஒரு பெட்டியில் கிடந்தன, காலம் முடிந்ததும் வேறு யாரோ அந்தப் பெயரை எடுத்துச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டார்கள். கடைப் பலகையில் எழுதியிருந்த முகவரிக்கு மேல் இப்போது மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. இது வேர்ட்பிரஸின் குற்றம் அல்ல. எச்டிஎம்எல் பக்கத்துக்கும் இதே கதி வரலாம். ஆனால் சிக்கலான தளத்தை நாம் இன்னொருவரிடம் முழுவதுமாக ஒப்படைத்துவிடுகிறோம், பெயரும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது.

இப்போது நான் எடுத்த வழி. ஒரு எச்டிஎம்எல் கோப்பு, தோற்றத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் கோப்பு, இரண்டு படங்கள், அவ்வளவுதான். தரவுத்தளம் இல்லை, கடவுச்சொல் கேட்கும் பக்கம் இல்லை, புதுப்பிக்க எதுவுமில்லை. தொண்ணூறுகளில் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்கள் இன்றைய பிரவுசரிலும் திறக்கின்றன. நான் இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காவிட்டாலும் என்னுடைய பக்கமும் திறக்கும். எங்கே வைப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். பலரும் முதலில் சொல்வது கிட்ஹப் பேஜஸ் என்ற இலவச ஹோஸ்டிங் சேவையை; ஆனால் இணைய வியாபாரம் நடத்துவதற்கான இலவச இடமாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் விதிகள் சொல்கின்றன, ஒரு கட்டணப் பட்டியல் அந்த வரம்புக்குள் வருமா என்று வாதாட எனக்கு நேரமில்லை. அதேபோன்ற சேவையான வெர்செலின் இலவசத் திட்டம் வருமான நோக்கமற்ற சொந்தப் பாவனைக்கு மட்டும் உரியது. ஆகவே கிளவுட்ஃபிளேர் பேஜஸ் என்ற மற்றொரு சேவையில் வைத்தேன். கோப்புறையை இழுத்துப் போட்டால் போதும், பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டுக் குறியும் தானாக வந்துவிடுகிறது, ஹோஸ்டிங் கட்டணம் இல்லை.

மிச்சமிருக்கும் செலவு டொமைன் ஒன்றுதான். டொட் கொம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குப் பதியலாம் என்பதால், அன்றைய டொலர் விலைக்கு மொத்தமாகக் கட்டிவிட்டால், ரூபாய் நாளை எப்படிப் போனாலும் அந்தக் கவலை இல்லை. டொட் எல்கே எடுத்திருக்கலாம். 2010இலிருந்து புழக்கத்தில் உள்ள டொட் இலங்கை என்பதையும், முழுவதும் தமிழில் எழுதும் முகவரி என்ற ஆசையில், யோசித்தேன். சூரிச்சில் ஜெர்மன் விசைப்பலகையில் தட்டுபவரை நினைத்து டொட் கொம்மோடு நின்றுவிட்டேன். கிளவுட்ஃபிளேரும் ஒருநாள் தன் இலவசத் திட்டத்தை மாற்றக்கூடும். அப்படி நடந்தால், பென்டிரைவில் இருக்கும் அதே கோப்புறையை வேறோரிடத்தில் போட்டு, டொமைன் அந்தப் புதிய இடத்தைக் காட்டுமாறு அதன் திசையை மாற்றினால் போதும். இதற்குக் கொம்பியூட்டர் படித்த ஆள் தேவையில்லை.

கஷ்டங்களும் உண்டு. கட்டணத்தை மாற்றுவதற்குக் கோப்பைத் திறந்து, குறிகளுக்கு நடுவே இருக்கும் எண்ணைத் தேடி மாற்ற வேண்டும். ஒரு கோணக்குறியை அழித்துவிட்டால் பக்கமே கோணலாகிவிடும். தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும். எங்கள் பக்கத்துக் கொமியூனிகேஷன் கடைகளில் இன்றும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டெழுதுகிறார்கள், அதை அப்படியே எடுத்து ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிய பின்னர், எழுத்துகளைச் சேமித்த முறை யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் வரியைக் கோப்பின் தலையில் எழுத வேண்டும். வேர்ட்பிரஸில் அந்த வரி தானாகவே இருக்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது, எழுத்துகளின் மேலும் கீழும் உள்ள விசிறிகள் (கொக்கிகள்) முட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூட்டிவிட வேண்டும்.

வெறும் பக்கத்தில், பார்ப்பவர் நிரப்பி அனுப்பும் படிவம் வேலை செய்யாது என்பதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள். வெளிச் சேவை ஒன்றை இணைத்தால் வேலை செய்யும், ஆனால் நான் வேண்டுமென்றே வைக்கவில்லை. எனக்கு வருபவை பிறருடைய பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில், யாரோ ஒருவருடைய சேர்வரில் அவை சேர்ந்துகொண்டிருப்பதற்கு நான் வழிசெய்ய விரும்பவில்லை. தொட்டால் அழைக்கும் இலக்கம், தொட்டால் திறக்கும் வட்ஸ்அப் இணைப்பு, ஒரு மின்னஞ்சல் ஆகிய மூன்றும் போதுமாக இருக்கின்றன. வட்ஸ்அப்பிலும் ஆவணம்தானே வருகிறது என்று கேட்பீர்கள்; அது என் கைபேசிக்கு வருகிறது, வேலை முடிந்ததும் நான் அழிக்கிறேன்.

எல்லோருக்கும் இதுவே சரி என்று சொல்லமாட்டேன். அறுகம்பையில் நான்கு அறை வைத்து வாடகைக்கு விடுபவருக்குத் திகதி பார்த்து முற்பதிவு செய்யும் வசதி வேண்டும். வாரம்தோறும் குறிப்பு வெளியிடும் டியூஷன் ஆசிரியருக்கும், ஒவ்வொரு கலியாணத்துக்கும் புதிய படம் ஏற்றும் மணப்பெண் அலங்காரக்காரருக்கும் கைபேசியிலிருந்தே மாற்றக்கூடிய தளம் வேண்டும். அவர்களுக்கு வேர்ட்பிரஸ் பொருந்தும், அமைத்துக் கொடுப்பவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்கவும் அவர்கள் ஆயத்தமாக இருந்தால். அப்போதும் டொமைனை மட்டும் உங்களுடைய சொந்த மின்னஞ்சலில், உங்களுடைய பெயரில், உங்களுடைய அட்டையால் பணம் கட்டிப் பதியுங்கள். தளம் செய்பவருக்கு அதன் திசையை மாற்றும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.