கழுவிப் போடும் ஃபில்டரா, கழற்றி எறியும் ஃபில்டரா?

போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, ஆசைப்பட்டு வாங்கிய சிவப்புப் பருத்தி எயார் ஃபில்டரை, அதாவது எஞ்சினுக்குப் போகும் காற்றின் தூசை வடிகட்டும் ஃபில்டரை, கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். இப்போது காரில் இருப்பது பழையபடி காகித ஃபில்டர்தான். ஒன்றரை வருடம் பாவித்துப் பார்த்து எடுத்த முடிவு இது. அதனால் நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்; நான் காகிதத்தின் கட்சி.

கார் 2007 டொயோட்டா அக்ஸியோ, 1500 சிசி பெற்றோல். வீடு ஆரையம்பதி, வேலை கொக்கட்டிச்சோலைக்கும் அப்பால். மண்முனைப் பாலம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் வயல். அறுவடைக் காலத்தில் வெட்டு மெசினுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் போனால் போதும், முன்கண்ணாடி மங்கிவிடும். கண்ணாடியில் படிவதைத் துடைத்துவிடலாம். எஞ்சின் இழுப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு பங்கு பெற்றோல் சரியாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 9,000 லீற்றர் காற்று. அவ்வளவும் ஃபில்டர் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளால்தான் போகிறது.

முதலில் கோன் ஃபில்டரைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, குழாயின் நுனியில் கூம்பு மாதிரி ஒன்றைப் பூட்டுவது. கூட்டாளி ஒருவரின் காரில் ஒரு வாரம் ஓட்டியதுதான் என் அனுபவம். சத்தம் நன்றாக இருந்தது. ஆனால் பொனட்டுக்குள் திறந்தபடி இருக்கும் கூம்பு எஞ்சின் சூட்டையே இழுக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் வலுவும் குறைவு. சூட்டுக்குப் பயந்து பம்பருக்குக் கீழே இறக்கினால் மார்கழி வெள்ளத்தில் தண்ணீரை இழுக்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது; பிஸ்டனைப் பிடித்திருக்கும் தண்டான கொன்ரொட் வளைந்துவிடும். வருடா வருடம் ரோட்டில் தண்ணீர் ஏறும் ஊரில் இது நமக்குச் சரிவராது.

மீதி இரண்டுதான் உண்மையான போட்டி. பழைய பெட்டிக்குள்ளேயே போடும், கழுவிக் கழுவிப் பாவிக்கும் எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டர், அல்லது சாதாரண காகித ஃபில்டர்.

பருத்தியின் நல்லதை மறைக்கவில்லை. மிதித்தவுடன் எஞ்சின் இழுக்கும் சத்தம் கொஞ்சம் கூடியது, மனதுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் பெற்றோல் மிச்சம் என்று கடையில் சொன்னதை நம்பி வாங்கியதுதான் பிழை. 2009 இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடம், அடைத்துப்போன ஃபில்டரைப் போட்டே கார்களை ஓட்டிப் பார்த்தது. எரிபொருளைக் கம்பியூட்டர் அளந்து தெளிக்கும் இக்காலக் கார்களில் வேகமெடுப்பதுதான் மந்தமானது, எரிபொருள் செலவு மாறவில்லை. கார்புரேட்டர் வைத்த பழைய காரில்தான் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. அடைத்த ஃபில்டரை மாற்றியே மிச்சம் வராது என்றால், நல்ல காகிதத்துக்குப் பதில் பருத்தி போட்டு என்ன மிச்சம் வரப்போகிறது?

சரி, மிச்சம் வேண்டாம், ஆயுசுக்கும் ஒரே ஃபில்டர் என்றாவது வைத்துக்கொள்வோம். இங்கேதான் என் மனம் மாறியது. இதைக் கழுவுவது பெரிய வேலை. அதற்கென்று இருக்கும் திரவத்தைத் தெளித்து, ஊறவிட்டு, சுத்தமான பக்கத்திலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். கொம்பிரஸர் காற்று அடிக்கக்கூடாது, சூடு காட்டக்கூடாது, நிழலில் தானாகக் காய வேண்டும். அதுவரை கார் வீட்டில் நிற்கும், நான் பஸ்ஸில் போவேன். காய்ந்த பிறகு மடிப்பு மடிப்பாக எண்ணெய் விட்டு, ஊறும்வரை காத்திருந்து, வெள்ளையாகத் தெரியும் இடங்களுக்கு மறுபடியும் கொஞ்சம். தார் ரோட்டிலேயே ஓடும் காருக்கு இந்தச் சடங்கு எப்போதோ ஒருமுறை வரும். எனக்குப் போகத்துக்கு இரண்டு தடவை வந்தது. நெல்லுச் சுணை இருக்கிறதே, எண்ணெய்த் துணியில் ஒட்டினால் லேசில் விடாது. கழுவிக் காய்ந்த பிறகும் மடிப்புக்குள் மஞ்சள் மயிர் மாதிரி நின்றது. பல் துலக்கும் பிரஷ் எடுத்துத் தேய்க்கப் போய், துணி கிழிந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டேன்.

மூன்றாவது தடவை எண்ணெய் கூடிப்போனது. இரண்டு கிழமை கழித்து, கல்லடியில் வாகன நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நின்றபோது கார் நடுங்கியது. எஞ்சின் விளக்கும் எரிந்தது. காத்தான்குடியில் வழக்கமாகக் கொடுக்கும் கராஜில் ஸ்கேன் பண்ணினார்கள். வந்த பிழைக் குறியீடு பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெற்றோல் போகவில்லை. கராஜ் காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவது) பொனட்டைத் திறந்து ஃபில்டரைத் தொட்டார், விரலைப் பார்த்தார், சிரித்தார். “என்ன தம்பி, தலைக்கு எண்ணெய் வைக்கிற மாதிரி வச்சிருக்கீங்க!”

ஃபில்டரைத் தாண்டியவுடன் குழாயில் காற்றை அளக்கும் சென்சர் ஒன்று இருக்கிறது. இரண்டு ஆணியைக் கழற்றி எடுத்துக் காட்டினார். உள்ளே இழை மாதிரி ஒரு கம்பி. மின்சாரத்தில் சூடாகவே இருக்கும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். திரும்பச் சூடாக்க எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவைக் கம்பியூட்டர் கணிக்கிறது. என் காரில் அந்தக் கம்பிமேல் எண்ணெயும் தூசும் சேர்ந்து பழுப்பாகப் போர்வை போட்டிருந்தது. வந்த காற்றைக் குறைவாகக் காட்டியது, பெற்றோலும் குறைவாகத் தெளித்தது. காக்கா கை படாமல், துணி படாமல், அந்தச் சென்சருக்கென்றே வரும் ஸ்பிரேயை மட்டும் அடித்துக் காயவிட்டார். கார்புரேட்டர் கிளீனர் இதற்கு ஆகாது.

எண்ணெய் கூடியது என் கைப்பிழைதான். அளவாகப் பூசத் தெரிந்தவருக்கு இது நடக்காமல் போகலாம். ஆனால் அந்தப் பிழைக்குக் காகிதத்தில் இடமே இல்லை.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம் குழாயின் உள்ளே துடைத்தேன். பருத்தி இருந்த காலத்தில் துணி பழுப்பானது. குழாயைச் சுத்தம் செய்து காகிதம் போட்டு ஆறு மாதம் ஓடிய பிறகு துடைத்தால், துணி கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. ஒரு கார், ஒரு துணி. இதை ஆய்வென்று சொல்ல வரவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

விலை என்று பார்த்தால், நான் பருத்திக்குக் கொடுத்த காசில் ஏழெட்டு காகித ஃபில்டர் வாங்கலாம். வருடத்துக்கு இரண்டு மாற்றினாலும் நாலு வருடம் ஓடும். கழுவும் திரவமும் எண்ணெயும் தனிச் செலவு. அவை தீர்ந்துபோனால் கொழும்பிலிருந்து வரவேண்டும். காகிதம் கல்முனையிலும் கிடைக்கும், காத்தான்குடியிலும் கிடைக்கும். ஆனால் கண்டதையும் வாங்கக்கூடாது. ஓரத்து ரப்பரை நசுக்கிப் பாருங்கள். கல்லு மாதிரி இருந்தால் பெட்டியோடு சரியாகப் பொருந்தாது, தூசு பக்கவாட்டால் போய்விடும். கொம்பிரஸரால் ஊதித் திரும்பப் போடும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன், காகித நார் பிய்ந்துபோகும். பெரும்போக அறுவடை முடிந்ததும் ஒன்று, சிறுபோகம் முடிந்ததும் ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. மாற்றும்போது பெட்டிக்குள் கிடக்கும் பதரையும் பூச்சிச் சிறகையும் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன்.

காருக்கு உண்மையில் உயிர் வந்தது ஃபில்டரால் அல்ல, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் பொடியைச் சுத்தம் செய்ததால். அங்கே படியும் கரி வெளியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் எஞ்சினுக்குள்ளிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவி. எந்த ஃபில்டர் போட்டாலும் அது படியத்தான் செய்யும். ஸ்பிரேயைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும், மோட்டாரில் இயங்கும் தகட்டை விரலால் தள்ளக்கூடாது. முடிந்ததும் ஐட்லிங், அதாவது கார் நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், கொஞ்ச நேரம் ஏறி இறங்கி மறுகா தானாகச் சரியாகும். எனக்கு அடுத்த நாளே சரியானது.

டர்போ டீசல் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அக்கரைப்பற்றில் மச்சானின் டபுள் கெப்பில் பருத்திதான் இருக்கிறது, மூன்று வருடமாக ஒரு குறையும் சொல்லவில்லை. என் சிவப்பு ஃபில்டர் அளவில் அவருக்குப் பொருந்தாது. கொழும்பில் இருக்கும் தம்பிக்குப் பொருந்தும், கேட்டும் இருக்கிறான். எண்ணெயை நானே அளந்து பூசித்தான் கொடுக்க வேண்டும்.