இனிப்பு வாசனை டீ: வெண்ணிலா, கேரமல், சாக்லேட், தேங்காய், ரோஸ், குல்பி, எது தேறும்?

பலகார வாசனை ஏற்றிய டீயை இப்போதெல்லாம் ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. சேலத்து சூப்பர் மார்க்கெட் அலமாரியிலேயே வெண்ணிலா, கேரமல், குல்பி என்று வரிசையாக நிற்கின்றன. ஏற்காட்டுக்குப் போனால் மிளகு, காப்பிக்கொட்டை, ஹோம்மேட் சாக்லேட்டுக்குப் பக்கத்திலேயே சாக்லேட் டீ பொட்டலமும் தொங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியை நட்டுவைத்த மலை அது. அங்கே போய் டீ கேட்பதே கொஞ்சம் வம்புதான். இருந்தாலும் வாங்கினேன்.

கம்பெனிப் பெயர்கள் இங்கே வேண்டாம். ஒரே வாசனையை இரண்டு கம்பெனியில் வாங்கினாலும், வித்தியாசம் பெரும்பாலும் அடியில் இருக்கும் தேயிலையால்தான் வருகிறது. எசன்ஸ் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் மணக்கிறது.

டீ ருசி பார்ப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரநிலை உண்டு: 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஆறு நிமிடம் ஊறல். அளவை அப்படியே எடுத்துக்கொண்டு நேரத்தை நான்கு நிமிடமாகக் குறைத்தேன். ஆறு நிமிடம் என்பது தேயிலையின் குறையெல்லாம் வெளியே வரட்டும் என்று வைத்தது; நமக்குக் குடிக்க வேண்டும். முதல் சுற்று சர்க்கரை போடாத வர டீ. இரண்டாவது சுற்றில் பாலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும். பால் விட்ட பிறகும் தாக்குப்பிடிக்கிறதா என்பதுதான் நம் ஊர் டீக்கு உண்மையான பரீட்சை.

ருசி பார்க்க அஸ்தம்பட்டி அத்தையைக் கூப்பிட்டிருந்தேன். ஃபில்டர் காப்பி ஆள். பாக்கெட்டைப் பிரித்ததும் முகம் மலர்ந்தது, ஒரு வாய் குடித்ததும் சுருங்கியது.

"எப்படிங்க அத்தை இருக்கு?"

"வாசம் எல்லாம் கேக்குக் கடையாட்டம் வருது சாமி. இனிப்பு எங்க போச்சு?"

இந்த வகை டீ மொத்தத்துக்கும் சேர்த்து அத்தை கேட்ட கேள்வி அது. இனிப்பை அறிவது நாக்கு. மூக்கு செய்வது இனிப்பை ஞாபகப்படுத்துவது மட்டும். சின்ன வயதிலிருந்து எந்த வாசனையோடு சர்க்கரையைச் சேர்த்துச் சாப்பிட்டோமோ, அந்த வாசனை வந்தால் நாக்கும் இனிப்பை எதிர்பார்க்கும். கேக்கும் கஸ்டர்டும் தின்று வளர்ந்தவருக்கு வெண்ணிலா வாசமே பாதி இனிப்பு. ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் நெய்யில் வறுத்த முந்திரியும் மணந்தால்தான் நம்மில் பலருக்கு அடுப்பங்கரையில் பாயசம் இருக்கிறது என்று தோன்றும். சர்க்கரையே இல்லாமல் குடிக்கலாம் என்று பாக்கெட்டில் எழுதியிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

வெண்ணிலாவிலிருந்து ஆரம்பிக்கலாம். கேரமல், சாக்லேட் வகைகளிலும் அதன் சாயல் அடிக்கிறது. நிஜ வெண்ணிலா ஓர் ஆர்க்கிட் கொடியின் காய். அதன் தாய்நாடான மெக்சிகோவுக்கு வெளியே வளர்த்தால் ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்த்தாக வேண்டும். அதற்குச் சுலபமான வழியை 1841இல் ரீயூனியன் தீவில் காட்டியது எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன். காயைப் பறித்த பிறகும் பதப்படுத்த மாதக்கணக்கில் ஆகும், அதனால்தான் அந்த விலை. 1874இல் ஜெர்மானிய வேதியியலாளர்கள் வெண்ணிலினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சாதாரண விலை டீயில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த வெண்ணிலின், இல்லாவிட்டால் அதைவிட இரண்டு மூன்று மடங்கு வீரியமுள்ள எத்தில் வெண்ணிலின். பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'இயற்கையை ஒத்தது', 'செயற்கை' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் முன்பக்கத்துப் பூப்படத்தைப் பார்த்து வாங்கக் கூடாது.

கோப்பையில் எப்படி? நீலகிரித் தேயிலை அடியாக இருந்தால் வெண்ணிலா அடக்கமாக உட்கார்ந்துகொள்கிறது. அந்த இலைக்கே மெல்லிய பூவாசம் உண்டு, துவர்ப்பும் குறைவு. அதுவே கறுத்த குருணைத் தூளாக இருந்தால் முதல் மடக்கில் ஐஸ்கிரீம், அடுத்த நொடியில் தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை. பால் விட்டால் துவர்ப்பு அடங்கும், ஏனென்றால் பாலில் உள்ள கேசின் புரதம் டீயின் துவர்ப்புப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது. வெண்ணிலா மட்டும் மேலே மிதக்கும். மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பால் விட்ட வெண்ணிலா டீயில் டீ எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

கேரமல் விஷயம் வேறு. எனக்கு இதில்தான் நிறையச் சொல்ல இருக்கிறது.

சர்க்கரையை 160 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது உடைந்து மால்டால், ஃபியூரனால் போன்ற வாசனைப் பொருள்களாக மாறுகிறது. அந்த வாசனையைத்தான் கேரமல் டீயில் ஏற்றுகிறார்கள். அசாம் குருணைத் தூளில் ஏற்கெனவே வறுத்த தானியம்போல ஒரு கனமான மணம் இருக்கிறது. இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி இயந்திரம் 1930 வாக்கில் அசாமில் வந்தது, நம் டீக்கடை டீ முழுக்க அதன் வழி வந்ததுதான். அந்தத் தூளோடு கேரமல் சேரும்போது எது இலை, எது எசன்ஸ் என்று பிரிக்க முடியாது. காய்ச்சிய பாலின் வாசமும் இதே குடும்பம்தான். வெண்ணிலாவைத் தூக்கி மிதக்கவிட்ட பால் இதை இழுத்து உள்ளே வைத்துக்கொள்கிறது. ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்ட கேரமல் பால் டீயை அத்தை பேசாமல் முழு டம்ளரும் குடித்தார். அவர் கணக்கில் அது பெரிய சான்றிதழ்.

இதற்கு வீட்டிலேயே ஒரு போட்டியாளர் இருக்கிறார். அடிகனமான பாத்திரத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை மட்டும் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் உருகத் தொடங்கும். கரண்டி போடாமல் பாத்திரத்தைச் சாய்த்துச் சுற்றினால் போதும். தேன் நிறம் வரும்போது அவசரப்பட வேண்டாம். செம்பு நிறம் தாண்டி, பொடி நுரை கிளம்பி, லேசாகப் புகை காட்டப் போகும் இடத்தில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றுங்கள். சடசடவென்று தெறிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிப்பட்ட பாகு தண்ணீரில் கரைந்ததும் டீத்தூள் போடலாம். அந்த இடத்தில் கொஞ்சம் அசந்தால் கசப்புதான் மிச்சம். பாக்கெட் கேரமல் பிரித்தவுடன் அறை முழுக்க மணக்கும், குடித்ததும் மறைந்துவிடும். கருக்கிய சர்க்கரை டீயில் மணம் அவ்வளவு இல்லை, ஆனால் ருசி நாக்கில் நிற்கிறது. நேரம் இருக்கும் நாளில் எனக்கு இதுதான். காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் பாக்கெட்.

வெல்லமும் இதே கூட்டம்தான். ஓமலூர், காமலாபுரம் பக்கத்து ஆலைக் கொட்டகையில் பாகு காயும் வாசத்தை நுகர்ந்தவருக்குக் கேரமல் எசன்ஸ் புதிதாக ஒன்றும் சொல்லாது. செவ்வாய்பேட்டை மண்டியில் கிடைக்கும் கொஞ்சம் கறுத்த வெல்லம் டீக்கு நன்றாக இருக்கும்; பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை நான் தொடுவதில்லை. பால் டீயில் போடுவதானால் அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விட்டு அப்புறம் போடுங்கள், கொதியில் போட்டால் பால் திரியும்.

சாக்லேட் டீ ஏமாற்றம். காரணம் எளிது: சாக்லேட்டின் பாதிச் சுகம் உருகுவதில் இருக்கிறது. கொக்கோ வெண்ணெய் கிட்டத்தட்ட நம் உடம்புச் சூட்டில் உருகுவதால்தான் வாயில் போட்டதும் அப்படி வழுக்குகிறது. டீயில் அந்தக் கொழுப்பு இல்லை. கொக்கோத் தோலும் எசன்ஸும் சேர்ந்து சாக்லேட்டின் நிழலை மட்டும் தருகின்றன. வர டீயில் தண்ணீராக இருக்கிறது. கெட்டிப் பாலில் கொஞ்சம் உயிர் வருகிறது. ஏற்காட்டில் வாங்கிய பொட்டலம் இரண்டாம் கொதியிலேயே வெறும் டீ ஆகிவிட்டது. அதற்குப் பதில் சாதாரண டீயோடு ஒரு துண்டு சாக்லேட்டைக் கடித்துக்கொள்ளலாம்.

தேங்காய்? வேண்டாம். தேங்காய் எசன்ஸின் உயிர்நாடி காமா நோனாலாக்டோன் என்ற ஒரே பொருள். வெளிநாட்டுக்காரருக்கு அது கடற்கரை விடுமுறையாக இருக்கலாம். நமக்கு அது தலைக்கு எண்ணெய் வைத்த வாசனை. துருவிக் காயவைத்த தேங்காய்ப் பூ கலந்த வகையில் இன்னொரு ஆபத்தும் உண்டு: பழசானால் அதன் கொழுப்பு உடைந்து சோப்பு வாடை வந்துவிடும்.

ரோஸ் நான் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக இருந்தது, ஆனால் பால் இல்லாமல். ரோஜாவின் மணத்தில் இருக்கும் ஜெரானியால் தேயிலையிலேயே இயல்பாக இருக்கிறது. உயரத்தில் விளையும் நல்ல தேயிலைக்குப் பூவாசம் வருவதும் அதனால்தான். ஆகவே ரோஸ் வெளியிலிருந்து ஒட்டவைத்ததாகத் தெரிவதில்லை, இருந்ததைத் தூக்கிக் காட்டுவதாகத் தெரிகிறது. நீலகிரி இலையில் காய்ந்த இதழ் போட்ட வகையாகப் பார்த்து வாங்கி, சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். ஆறில் சர்க்கரையே கேட்காத ஒரே டீ இதுதான். பால் விட்டீர்களோ, சூடாக்கிய ரோஸ்மில்க். அத்தை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "சாம்பிராணி."

குல்பி டீயில் ஏலக்காய், குங்குமப்பூ, பிஸ்தா என்று மூன்று பேர் போட்டிருக்கும். மணப்பது ஏலக்காய் மட்டும். பிஸ்தாவின் வாசம் சூடான டீயில் நிற்காது, குங்குமப்பூ நிறத்துக்கு. பாலுக்குப் பொருந்துவதில் இதை அடிக்க ஆள் இல்லை: குல்பி என்பதே சுண்டக் காய்ச்சிய பால், ஏலக்காயின் எண்ணெய் வாசம் பாலின் கொழுப்பில் கரைந்து நிற்கும். போதாக்குறைக்கு நம் நாக்குக்கு ஏலக்காய் என்றாலே இனிப்பு, அதனால் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தாலும் குறை தெரியவில்லை. முதலிடம் கொடுக்கலாம்தான். ஆனால் போடி ஏலக்காய் நான்கைத் தோலோடு இடித்துப் போட்டு, கொஞ்சம் சுண்டிய பாலில் டீ போட்டால் இதே ருசி, இன்னும் புதிதாக, பாக்கெட் விலையில் ஒரு பங்குக்கு வருகிறது. ஜெயித்தது குல்பி, வாங்க வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு.

டீயையே பலகாரமாக்கும் இன்னொரு வழி பபிள் டீ. தைவானில் 1980களில் பிறந்தது. அடியில் கிடக்கும் கறுப்பு உருண்டை மரவள்ளிக் கிழங்கு மாவு. நாட்டின் ஜவ்வரிசிக்கே தலைநகரான சேலத்தில், ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் 1981இலிருந்து நடக்கும் ஊரில், அதை வெளியூர்ப் பண்டமாக நினைத்து விலை கொடுத்துக் குடிக்கிறோம். அது தனியாக ஓர் அலசலுக்கு உரியது.

எந்த வகையானாலும் ஒன்றைக் கவனியுங்கள். நாம் வழக்கமாகப் பாலையும் தூளையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுவோம். வாசனை ஏற்றிய தூளை அப்படிப் போட்டால் வாசம் சமையலறைக்குப் போகும், சாயம் டம்ளருக்கு வரும். எசன்ஸ் இலையின் மேல் பூசியது, ஆவியோடு பறந்துவிடும். தூளைத் தனியாக மூடி ஊறவைத்து, சூடான பாலை மேலே விடுவதுதான் சரி. 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். வாசனை டீக்கு அது கெடுதல் இல்லை. ரோஸ் அங்கே கீழே போட்டதைவிட மென்மையாக இறங்கியது. குருணைத் தூளுக்கு மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சேலத்தில் போர் தண்ணீரில் போட்டால் மேலே ஆடைபோல ஒரு படலம் கட்டும், நிறமும் மங்கும். காவிரித் தண்ணீர் வரும் நாளில் போட்டால் அதே தூள் தெளிவாக இருக்கிறது.

சாயங்காலம் தட்டுவடை செட்டோடும் வைத்துப் பார்த்தோம். பீட்ரூட், கேரட் துருவலும் பூண்டுக் காரச் சட்னியும் வாயில் இருக்கும்போது வெண்ணிலா வேற்று ஆளாக நிற்கிறது, ரோஸ் இருக்கும் இடம் தெரியவில்லை. குல்பி பரவாயில்லை. கேரமல் மட்டும் காரத்தை வாங்கிக்கொண்டு அடுத்த செட்டுக்கு இடம் விட்டது. அத்தை இரண்டாவது செட் சொல்லிவிட்டு, டீ மாஸ்டரிடம் தனக்கு மட்டும் ஒரு காப்பியும் சொன்னார்.