வார்த்தை தேடும் ஆப்: காசு கட்டாதீர்கள்

மகள் எட்டாம் வகுப்பு. எக்ஸ், ஒய், இசட் மூன்றும் அதே வரிசையில் வரும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று கண்டுபிடிக்க வேண்டும், நீளம் கூடக் கூட மார்க் கூடும் என்று இங்கிலீஷ் டீச்சர் லீவுக்கு வேலை கொடுத்திருந்தார். தக்கலையில் ஐப்பசி மழை, கரண்ட் இல்லை, வீட்டில் இருப்பதோ அட்டை கிழிந்த ஒரு பாக்கெட் டிக்‌ஷனரி. அதில் முதல் எழுத்தைப் பிடித்துத்தான் தேட முடியும், நடுவில் கிடக்கும் எழுத்தை எங்கே போய்ப் பிடிப்பது? சரி என்று போனில் ஒரு ஆப்பை இறக்கினேன். பெயர் வேண்டாம், இந்த மாதிரி நிறைய இருக்கின்றன.

எழுத்துகளைப் போட ஒரே ஒரு பெட்டி. மூன்றையும் போட்டால் முன்னே பின்னே எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுகிறது. நீளம் பார்த்து அடுக்கித் தரச் சொன்னால் காசு கேட்கிறது, அட, நமக்கு வேண்டியதே அதுதானே! தேடலுக்கு ஒரு விளம்பரம் வேறு, மழையில் ஒற்றைக் கோடு சிக்னலில் அது சுற்றிக்கொண்டே நிற்கிறது. இரண்டு இசட் உள்ள வார்த்தை கேட்டுப் பார்த்தேன், ஜீப்ரா வந்து நின்றது.

அழித்துவிட்டு ஒன்லுக் தளத்துக்குப் போனேன். இலவசம். நட்சத்திரக் குறி போட்டால் அந்த இடத்தில் எத்தனை எழுத்தும் வரலாம், கேள்விக்குறி போட்டால் சரியாக ஓர் எழுத்து. நட்சத்திரம், எக்ஸ், ஒய், இசட், மறுபடி நட்சத்திரம் என்று அடித்தோம். ஹைட்ராக்சிசின் வந்தது! 11 எழுத்து, மூன்றும் ஒட்டிக்கொண்டே நிற்கின்றன. “அப்பா, இது பாட்டாவுக்க மாத்திரைல்லா?” என்று பிஸ்கட் டின்னை எடுத்து வந்தாள். டார்ச் அடித்து அட்டையைத் திருப்பினால் பொடி எழுத்தில் அதேதான். அரிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, இத்தனை நாளும் அலமாரியில் கிடந்திருக்கிறது.

அப்புறம் எங்களை யார் நிறுத்துவது. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் வரிசையாக வர ஃபசீஷியஸ், ஆப்ஸ்டீமியஸ். அதையே தலைகீழாகக் கேட்டால் கிரிக்கெட் செய்தியில் அடிக்கடி வரும் சப்கான்டினென்டல், 14 எழுத்து. ஓர் எழுத்துகூட இரண்டாம் முறை வராத அன்காப்பிரைட்டபிள் 15 எழுத்து, ஆனால் அது நான் முன்பே கேள்விப்பட்டது, நட்சத்திரத்தையும் கேள்விக்குறியையும் வைத்து அப்படித் தேட வழியில்லை.

ஆப்புக்கு ஒரு ஸ்டார் போட்டேன். மகள் வார்த்தையை நோட்டில் எழுதிவிட்டாள், பக்கத்தில் ஒட்ட அந்தக் காலி அட்டைதான் வேண்டுமாம். பாட்டாவுக்கு இன்னும் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது.